ரிப்பன் ஆடுகிறதா? ஆம்

ஏர்கண்டிஷன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் கம்பெனிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டு, முப்பது வருட அனுபவத்திலிருந்து நாலு நல்ல விஷயம் எழுதிக் கொடுங்கள், புதியவர்கள் படித்துப் பயன்பெறட்டும் என்றார்கள். உட்கார்ந்து யோசித்தேன். நன்றாக முடிந்த வேலை ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அசிங்கப்பட்டதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. அதனால் நான் வாங்கிய ஒரு மெமோவைப் பற்றி எழுதுகிறேன். வேலை நேரத்தில் தூங்கியதற்கு வாங்கிய மெமோ. பட்டப்பகலில், இருபது பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்கும்போது தூங்கினேன். படித்துப் பயன்பெறுங்கள்.

முதலில் டக்ட். நீங்கள் டிப்ளமோவில் படித்ததை மறக்காமல் இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். மறந்திருப்பீர்கள், அதனால் தாண்டாதீர்கள். கூரைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவில் ஓடுகிற தகரப் பாதைதான் டக்ட். ஒரு பாதை குளிர்ந்த காற்றைக் கொண்டுவந்து ஹாலில் விடும், அது சப்ளை. இன்னொரு பாதை ஹாலில் இருக்கும் பழைய காற்றை உறிஞ்சி மெஷினுக்குத் திருப்பி எடுத்துப் போகும், அது ரிட்டர்ன். ஒன்று ஊதும், ஒன்று உறிஞ்சும். இவ்வளவுதான் விஷயம். இந்த இவ்வளவுதான் விஷயத்தில்தான் நான் கோட்டைவிட்டேன்.

பார்வையாளர் வந்தால் சில்லர் என்கிற குளிரூட்டும் மெஷினைக் காட்டுவோம், விளக்கு மின்னும் பேனலைக் காட்டுவோம். டக்டை யாரும் காட்டுவதில்லை. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவனை யார் போட்டோ எடுக்கிறார்கள்? சாம்பார் இலைக்கு வராதபோதுதான் அவனைத் தேடுவார்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "ஓசூர்ல எதுக்குங்க ஏசி? கிளைமேட்டே ஏசி மாதிரிதானே!" இப்படிச் சொல்கிறவர்கள் எல்லோரும் டிசம்பரில் வந்து கெலவரப்பள்ளி அணையைப் பார்த்துவிட்டுப் போனவர்கள். அவர்களை ஏப்ரல் மாதம் சூளகிரியில் ஒரு தகரக் கொட்டகைக்குள் பிற்பகல் இரண்டு மணிக்கு நிறுத்த வேண்டும். மார்கழியில் குளிரும், ஒப்புக்கொள்கிறேன். முதல் ஷிஃப்டுக்குக் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு வருகிறவர்கள் தங்கள் தலைக்கு மேலே காற்று வரும் கம்பி வாயில், அதாவது கிரில்லில், அட்டையைச் சொருகிவிடுவார்கள். பங்குனியில் வியர்க்கும்போது, "சார், காத்தே வரல" என்று புகார் எழுதுவார்கள். ஒவ்வொரு பங்குனியிலும் நான் ஏணி போட்டு அறுவடை செய்வேன். அட்டைப்பெட்டி, பழைய சால்வை, ஒருமுறை முருகன் படம் போட்ட காலண்டர் அட்டை. முருகனைக் குப்பையில் போட ஒருத்தருக்கும் மனம் வரவில்லை. இரண்டு வருடம் என் மேஜை மேல் இருந்தார்.

தொழிலாளர்களைக் கேலி செய்வது சுலபம். என்னைக் கேலி செய்கிற இடத்துக்கு வருகிறேன்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த மேஸ்திரி ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், பாராட்டினாலும் திட்டுகிற ஆள். அவர் கிரில் பக்கத்தில் நின்று ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைப் பிடித்துக்கொண்டு கேட்பார்: "எங்கருந்து வருது? எங்க போவுது?" இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். "காத்து வருதுங்க" என்று மட்டும் சொன்னால், "வருதுன்னு மட்டும் பாக்கறவன் போயி டீ வாங்கிட்டு வா" என்பார். நான் நிறைய டீ வாங்கியிருக்கிறேன். பிறகு சூப்பர்வைசர் ஆனேன். எனக்கு மற்றவர்கள் டீ வாங்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். இரண்டாவது கேள்வியை மறந்தேன்.

நான் கடைசியாக வேலை பார்த்தது சூளகிரிப் பக்கம், எலக்ட்ரானிக் போர்டு செய்யும் ஒரு தொழிற்சாலையில். பெரிய ஹால், இருபத்திரண்டு டேபிள், ஏறக்குறைய எல்லோரும் பெண்கள். ஆடிட்டுக்கு வந்த ஒருவர், ஒவ்வொரு கிரில்லிலும் காற்று வருகிறதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டார். உடனே நான் எல்லாக் கிரில்லிலும் சிவப்பு ரிப்பன் கட்டச் சொன்னேன். ஒரு செக்லிஸ்டும் என் மூளையிலிருந்தே பிறந்தது. அதில் ஒரே ஒரு கேள்வி: ரிப்பன் ஆடுகிறதா? ஆம், இல்லை.

எல்லாக் கிரில்லிலும் என்றேன். கவனித்தீர்களா? ஊதுகிற கிரில்லில் ரிப்பன் ஆடும். உறிஞ்சுகிற ரிட்டர்ன் கிரில்லில் ரிப்பன் ஆடக் கூடாது. கம்பியோடு ஒட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். அதுதான் சரி. ஆனால் என் செக்லிஸ்டில் சரியாக இருக்கிற கிரில்லுக்கு "இல்லை" என்றுதான் டிக் விழும். ஹாலின் கோடியில் இருபத்திரண்டாம் டேபிளுக்கு நேர் மேலே இருந்தது அந்த ஹாலின் ஒரே ரிட்டர்ன் கிரில். மாதாமாதம் அதற்கு மட்டும் "இல்லை". மாதாமாதம் அது நிலுவைப் பட்டியலில் வரும். நான் பக்கத்தில், "கவனிக்கப்படுகிறது" என்று எழுதுவேன். கவனிக்க அங்கே ஒன்றும் இல்லை. செக்லிஸ்டைத் திருத்தினால் தப்புச் செக்லிஸ்ட் போட்டவன் நான் என்று தெரிந்துவிடும். எனவே கவனித்துக்கொண்டே இருந்தேன்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. நம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஆயுத பூஜை என்றால் உங்களுக்கே தெரியும். மெஷினைக் கழுவி, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, எந்த டிபார்ட்மென்ட் அழகாக இருக்கிறதோ அதற்குப் பரிசு. இந்த முறை பரிசை விடக் கூடாது என்று முடிவெடுத்தேன். சீலிங்குக்கு மேலே மெஷின் ரூம் வரை போகிற நான்கு டக்டுகளுக்கும் சில்வர் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். ஆட்கள் கேட்டார்கள்: "சார், அம்பு போட்டிருக்குதே, சப்ளை ரிட்டர்ன்னு எழுதியிருக்குதே, அது மேலயுமா?" பெயிண்ட் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் பரிசு போய்விடும் இல்லையா? "மேலயே அடிங்கப்பா. எது எதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றேன். நான்கும் வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி ஜொலித்தன. நடுவர்களாக வந்தவர்கள் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்து அசந்துபோனார்கள். முதல் பரிசு. ஒரு ஹாட்பாக்ஸ் செட் கொடுத்தார்கள். இன்றும் என் மனைவி அதில்தான் சப்பாத்தி வைக்கிறாள்.

தை மாதம் புது ஓவன் வந்தது. போர்டுகளுக்கு மேலே ஒரு பூச்சு பூசி, அதைச் சூட்டில் காய வைக்கும் ஓவன். பூச்சில் தின்னர் உண்டு. தின்னர் ஆவி வெளியே போக ஒரு குழாய் வேண்டும். ஓவன் பொருத்த வந்தவர்கள் சீலிங்குக்கு மேலே ஏறினார்கள். நான்கு டக்ட், நான்கும் ஒரே நிறம், ஒரு எழுத்துக் கிடையாது. ஒன்று வெளியே போகும் எக்ஸாஸ்ட் டக்ட், அதில் சேர்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தோம். எது என்று கேட்க எனக்கு போன் செய்தார்கள். நான் மீட்டிங்கில் இருந்தேன். அருகில் இருந்த ஒன்றில் ஓட்டை போட்டுச் சேர்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அது இருபத்திரண்டாம் டேபிளின் ரிட்டர்ன் டக்ட். ஓவனின் ஊதுகாற்று பலமானது. உறிஞ்ச வேண்டிய கிரில் ஊத ஆரம்பித்தது.

அந்த மாதம் செக்லிஸ்டில் ஒரு அதிசயம் நடந்தது. இருபத்திரண்டாம் டேபிள்: ரிப்பன் ஆடுகிறதா? ஆம். இரண்டு வருட நிலுவை தீர்ந்தது. என் கீழே வேலை பார்த்த பையன்கள் கை தட்டினார்கள். நான் காரணம் கேட்கவில்லை. மாமியார் திடீரென்று சிரித்துப் பேசினால் காரணம் கேட்பார்களா? கேட்டிருக்க வேண்டும்.

இனி அந்த டேபிளைப் பற்றி. அது புரொடக்‌ஷன் மேனேஜரின் கண்ணாடி அறைக்கு நேர் எதிரே இருந்தது. எதிர்த்துப் பேசுகிறவர்களை அங்கே உட்கார வைப்பது ஹாலில் எழுதாத சட்டம். ஓவன் வந்த பிறகு முதலில் அங்கே போனவர் நஸ்ரீன். மூக்கண்டப்பள்ளிக்காரர், ஏழு வருட சர்வீஸ். ஓவர்டைமுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று கேட்டது அவர் செய்த குற்றம். தை கடைசியில் அங்கே உட்கார வைத்தார்கள். மாசியில் இரண்டு மெமோ, வேலை நேரத்தில் தூங்கினார் என்று. மூன்றாவது வருவதற்குள் உடல்நிலை சரியில்லை என்று தானே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அப்போது இது ஒரு செய்திகூட இல்லை.

அடுத்து வந்தவர் மஞ்சுளா. சூளகிரிக்கு உள்ளே ஒரு கிராமம், வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், சண்டை என்றால் கன்னடமும் வரும். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், மஞ்சுளாவின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அவருக்கும் ஒரு மெமோ, இரண்டு மெமோ. மூன்றாவது வந்ததும் என்கொயரி வைத்தார்கள். மூன்றாவது மெமோ நிரூபணமானால் வேலை போகும்.

எச்.ஆர். மேனேஜர் என்னிடம் வந்தார். அவர் எப்போதும் சிரித்த முகம். கெட்ட செய்தி என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பார்.

"அந்தம்மா காத்து சரியில்ல, அதான் தூக்கம் வருதுன்னு சொல்லுது சார். நீங்க செக் பண்ணி ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சிடும்."

செக் பண்ணினேன். எப்படி என்றால், ஹால் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். தூரத்தில் ரிப்பன் ஆடியது. இருபத்திரண்டாம் டேபிளில் காற்றோட்டம் திருப்தியாக உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தொழிலில் நான் போட்ட ஆயிரக்கணக்கான கையெழுத்துகளில் அதை நினைத்தால்தான் இன்றும் கை கூசுகிறது.

என்கொயரியில் என் தாளைப் படித்தார்கள். மஞ்சுளா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரிப்பன் ஆடுதுங்க சார். நான் இல்லங்கல. அது தூங்கல, நாந்தான் தூங்கறேன்."

"காத்து இருக்குதும்மா. அப்புறம் எப்படித் தூக்கம் வரும்?" என்றேன்.

"அதத்தான் நானும் கேக்கறேன். நைட்டு நல்லாத் தூங்கறேன், காலையில சாப்ட்டுட்டு வர்றேன். மொத டேபிள்ல மூணு வருசம் ஒக்காந்தேன், ஒரு நாளு கொட்டாவி வுட்டிருப்பனா? கேளுங்க." பிறகு எழுந்து நின்றார். "சார், நீங்க ஒரே ஒரு நாளு அங்க ஒக்காருங்க. நீங்க தூங்கலன்னா நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்."

எச்.ஆர். மேனேஜரின் முகத்தில் சிரிப்பு காதுவரை போனது. "அத எழுத்துல குடுத்துடும்மா" என்று தாளை நீட்டினார்.

மஞ்சுளா ராஜினாமா எழுதினார். தமிழில்தான், பெரிய பெரிய எழுத்தில். தேதி மட்டும் போடவில்லை. அதை அவர்கள் பிறகு போட்டுக்கொள்வார்கள். நான் தடுத்திருக்கலாம். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முப்பது வருடம் டக்டோடு வாழ்ந்தவனுக்கு ஒரு ஆபரேட்டர் காற்றைப் பற்றிப் பாடம் எடுப்பதா? நாளைக்கே உட்காருகிறேன் என்றேன். ஒரு பெண்ணின் வேலையை என் ரோஷத்தின் மேல் பந்தயம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன். அந்தத் தூக்கமும் பந்தயத்துக்கான தயாரிப்புதான்.

மறுநாள் காலை இரண்டு காபி குடித்தேன். சட்டைப் பையில் நாலு கிராம்பு. மஞ்சுளாவை அன்றைக்கு மட்டும் முதல் டேபிளுக்கு மாற்றியிருந்தார்கள். எட்டரை மணிக்கு இருபத்திரண்டில் உட்கார்ந்தேன். லைன் லீடர் ரேணுகா, அத்திப்பள்ளியிலிருந்து வருகிறவர், எனக்கு ஒரு லென்சும் ஒரு டிரே போர்டும் கொடுத்தார். ஒவ்வொன்றாகப் பார்த்து நல்லது, கெட்டது பிரிக்க வேண்டும். ரேணுகாவுக்கு விதி என்றால் விதி. தன் சொந்தத் தங்கைக்கே லேட் மார்க் போட்டவர் என்று பேச்சு.

முதலில் லேசாக ஒரு இனிப்பு வாடை வந்தது. பத்து நிமிடத்தில் அதுவும் போய்விட்டது. வாடை போகவில்லை, என் மூக்கு பழகிவிட்டது என்று இப்போது தெரிகிறது. ஒன்பதரைக்கு மிகவும் தெம்பாக இருந்தேன். பத்து மணிக்கு எல்லோர் மேலும் ஒரு காரணமில்லாத அன்பு வந்தது, எச்.ஆர். மேனேஜர் மேல்கூட. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கிராம்பு ஒன்றை வாயில் போட்டது நினைவிருக்கிறது. மற்ற மூன்றை என்ன செய்தேன் என்று தெரியாது.

"எத்தேளி சார்! எத்தேளி!"

எழுந்திருங்கள் என்று ரேணுகா கன்னடத்தில் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். மணி பதினொன்று பத்து. என் வலது கன்னத்தில் ஒரு போர்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்தால் அதன் கம்பிக்கால்கள் அத்தனையும் கன்னத்தில் புள்ளி புள்ளியாகப் பதிந்திருந்தன. ஹால் முழுக்க வேலை நின்றிருந்தது. பிறகு யாரோ களுக்கென்று சிரிக்க, ஹாலே சிரித்தது. முதல் டேபிளில் இருந்த மஞ்சுளா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அவர் வேலை தப்பிய நிமிடம் அது. எனக்கு அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

தலை சுற்றியது. நாற்காலியில் பின்னால் சாய்ந்து மேலே பார்த்தேன். வாசலிலிருந்து பார்த்த ரிப்பனை அப்போதுதான் முதல்முறையாகக் கீழேயிருந்து பார்த்தேன். அது என் முகத்தை நோக்கி நீண்டு நின்று படபடத்தது. டிரேயில் இருந்த டிஷ்யூவைக் கிழித்து, நாற்காலி மேல் ஏறிப் பிடித்தேன். உறிஞ்ச வேண்டிய கிரில் அதைத் தள்ளியது. எங்கருந்து வருது? எங்க போவுது? மேஸ்திரி என் காதில் திட்டுகிற மாதிரியே இருந்தது. அன்றைக்கு ஊரிலிருக்கிற எல்லா டீக்கடைக்கும் நான் போயிருக்க வேண்டும்.

கீழே இறங்கியபோது ரேணுகா மெமோ எழுதும் பேடோடு நின்றிருந்தார். "தப்பா நினைக்காதீங்க சார். டேபிள்ல ஒக்காந்தா ஆபரேட்டர்தான். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே?" மெமோவைப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டேன். இந்த முறை படித்துவிட்டுப் போட்டேன்.

நேராகச் சீலிங்குக்கு மேலே போனேன். முதல் பரிசு வாங்கிய நான்கு டக்டும் டார்ச் வெளிச்சத்தில் ஜொலித்தன. எது எது என்று எனக்குத் தெரியாதா என்றேனே, தெரியவில்லை. கையால் தடவிக்கொண்டே ஊர்ந்து போனேன். ஒன்றில் ஓவன் குழாய் புதிதாகச் சேர்ந்திருந்தது. பக்கத்தில் வண்டிச் சாவியால் சில்வரைச் சுரண்டினேன். சிவப்பில் ஒரு அம்பு வந்தது. அதன் கீழே ரிட்டர்ன் என்ற எழுத்து வந்தது. தொழிற்சாலை ஆரம்பித்தபோது நானே என் கையால் எழுதியது. இறங்கிப் போய் யார் முகத்தில் முழிப்பது என்று தெரியவில்லை.

இறங்கினேன். புரொடக்‌ஷன் மேனேஜரிடம் ஓவனை நிறுத்த வேண்டும் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. வெள்ளிக்கிழமை லோடு போக வேண்டும், அவ்வளவுதான் அவர் உலகம்.

"ரெண்டு நாள் பொறுங்க சார். அதுவரைக்கும் அந்த டேபிள்ல யாரையும் ஒக்கார வெக்கல. போதுமில்ல?"

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்கும் இது வரும். ஆபத்தைவிட அதிகம் பயப்பட வேண்டியது இந்த நியாயமான பேச்சுக்குத்தான். இரண்டு நாள், ஒரு டேபிள், என் தப்பும் சத்தமில்லாமல் அமுங்கிவிடும். ஒரு நிமிடம் எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் அந்த டக்ட் கடைசி டேபிளோடு முடியவில்லை. மீதி ஆவி மெஷினுக்குப் போய், குளிர்ந்து, சப்ளை வழியாக ஹால் முழுக்கத் திரும்பி வந்துகொண்டிருந்தது. பலருக்குத் தலைவலி என்று மருந்துப்பெட்டி காலியானதற்கு வெயில் என்று காரணம் சொல்லியிருந்தோம். தவிர அது தின்னர் ஆவி, ஆளை மயக்குவதோடு நிற்காது, தீயும் பிடிக்கும். மூடின தகரத்துக்குள் நிறைந்து, எங்காவது ஒரு பொறி பட்டால், டேபிளைக் காலி செய்து என்ன பயன்?

ஓவன் ஸ்விட்சை அணைத்து, என் பூட்டைப் போட்டு, என் பெயர் அட்டையை மாட்டினேன். சாவி என் பையில்.

"சாவியக் குடுங்க சார்."

"புதுக் குழாய் வெளிய போனதும் தர்றேன்."

"உங்க மேல ஆக்‌ஷன் எடுக்க வேண்டி வரும்."

"காலையில ஒரு மெமோ வாங்கிட்டேன் சார். ரெண்டாவதும் குடுங்க. மூணாவதுக்கு அந்த டேபிள்ல ஒக்கார வைங்க."

மறுநாள் மத்தியானத்துக்குள் சுவரில் ஓட்டை போட்டு ஓவனுக்குத் தனிக் குழாய் வெளியே போனது. லோடு சனிக்கிழமை போனது. வானம் இடிந்து விழவில்லை.

என்கொயரி மறுபடி கூடியது. என் பழைய தாளையும், நான் வாங்கிய மெமோவையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"ரெண்டுலயும் என் கையெழுத்துதான். ஒண்ணு வாசல்ல நின்னு போட்டது. இன்னொண்ணு ஒக்காந்து பாத்துட்டுப் போட்டது. மொதல்ல இருக்கறது பொய். டக்ட் மேல இருந்த அம்ப அழிச்சதும் நாந்தான், அதையும் எழுதிக்குங்க."

எச்.ஆர். மேனேஜர் முதல்முறையாகச் சிரிக்கவில்லை. தொழில்நுட்பக் காரணங்களால் விசாரணை முடித்துக்கொள்ளப்படுகிறது என்று எழுதினார். யாருடைய தப்பும் இல்லாமல் டக்ட் தானாகவே வளைந்து போய் ஓவனைக் கல்யாணம் செய்துகொண்டது போல இருந்தது அந்த வாக்கியம். மஞ்சுளாவிடம் யாரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அவர் தான் எழுதிக் கொடுத்த தாளை மட்டும் கேட்டு வாங்கினார். எட்டாகக் கிழித்தார். குப்பைத்தொட்டி காலடியில் இருந்தும் போடவில்லை. தன் டிபன் பாக்ஸில் போட்டு மூடிக்கொண்டார்.

வெளியே வந்ததும் நான் மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட சொல்லிட்டீங்க, விடுங்க சார்" என்றார். "எனக்கு முன்னாடி நஸ்ரீன் அக்கா அங்க ஒக்காந்திருந்தாங்க. அவங்ககிட்ட யாரு சொல்லுவாங்க?"

நஸ்ரீனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுங்கள் என்று எச்.ஆர். மேனேஜரிடம் கேட்டேன். "அவங்களா எழுதிக் குடுத்துட்டுப் போனவங்க சார்" என்றார். சிரிப்பு திரும்ப வந்திருந்தது. மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் அதே பதில், அதே சிரிப்பு. வெறுங்கையோடுதான் மூக்கண்டப்பள்ளிக்குப் போனேன்.

நஸ்ரீன் வீட்டு முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். அவர் மாமியார் கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் கிரில், ரிப்பன், ஓவன் எல்லாவற்றையும் சொன்னேன். நஸ்ரீன் மெஷினை நிறுத்திவிட்டார்.

"அப்ப எனக்கு வியாதி ஒண்ணும் இல்லயா சார்?"

"இல்லம்மா."

"ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, தலைய ஸ்கேன் எடுத்துப் பாத்தாங்க. பள்ளிவாசல்ல தண்ணி ஓதி ஊதிக்கூடக் குடுத்தாங்க. இந்த வீட்ல எனக்கு இப்ப பேரே தூங்குமூஞ்சிதான்." கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார். "கம்பெனியில சொன்னாக்கூடத் தாங்கிக்குவேன்."

மாமியார் பூண்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்தக் காத்தெல்லாம் சரியா போவுதா வருதான்னு பாக்கறது யாரு வேலைப்பா?"

"என் வேலைதாம்மா."

"அப்ப நீ என்ன பண்ணிட்டிருந்த?"

செயலாளர், மேனேஜர், வெளிநாட்டு ஆடிட்டர் என்று எத்தனையோ பேர் என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் என்னிடம் பதில் இருந்தது. இந்த அம்மாவிடம் மட்டும் சுற்றி வளைத்துப் பேச வழி தெரியவில்லை.

"பெயிண்ட் அடிச்சிட்டிருந்தேம்மா" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் வீட்டுக்கு வந்தவன் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, மருமகளைப் பார்த்து, "சாருக்கு ஒரு டீ போடும்மா" என்றார்.

நஸ்ரீன் எழுந்திருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊசியில் நூல் கோத்தார்.

"நீங்க போடுங்க மாமி. நான் முழிச்சிட்டுத்தான் இருக்கேன், எனக்கு வேலை இருக்கு."

மாமியார் எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் டீ வந்தது. சர்க்கரை போட மறந்திருந்தார். நான் கேட்கவில்லை, முழுவதும் குடித்துவிட்டு வந்தேன்.